ஒற்றைக்கை விஞ்ஞானி சம்னர்

நம் நாஞ்சில் நாட்டின் தென்கோடியில், சுவாமித்தோப்பை அடுத்துள்ள உப்பளங்களைக் கண்டிராதார் இக்கலாசாலையில் மிகச் சிலரே. கோடைக்காலத்து நண்பகலில் பாத்திகளின் ஓரத்தே நின்று நோக்கின், வற்றிய உவர்நீரின் அடியில் கோடிக்கணக்கான வெண்படிகங்கள் ஒளிவீசிக் கிடப்பதைக் காணலாம். அவற்றுள் ஒன்றை எடுத்து உருப்பெருக்குங் கண்ணாடியின்கீழ் வைத்துப் பார்த்தால், சிற்பி அளந்து செதுக்கினாற்போல ஆறு முகங்களையுடைய சிறு கட்டியாக அது தோன்றும். அதனை உப்பென்று சொல்ல எவரும் தயங்கார். ஆயின், ஒளிவீசும் படிகமெல்லாம் உப்பாகுமோ? உயிருள்ள வித்தினின்றும் வடித்தெடுத்த சாற்றிலே இவ்வாறு படிகங்கள் தோன்றுமாயின் அவற்றை யாதென்று கொள்வது? உப்பென்று ஒதுக்குவதா? உயிரின் வினையை நடத்தும் பொருளென்று போற்றுவதா? இவ்வினாவுக்கு விடை காண்பதில் தம் வாழ்நாளின் சிறந்த பகுதியைச் செலவிட்ட ஒருவரது வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூற முற்படுகின்றேன். அவர் ஜேம்ஸ் பாட்செலர் சம்னர் என்னும் அமெரிக்கப் பேரறிஞர்.

தமிழிலக்கியம் பயிலும் மாணாக்கன் இரசாயன அறிஞர் ஒருவரின் சரிதத்தை எழுதப் புகுவது ஏன் என்று நண்பர்கள் வினவக்கூடும். விடுதியில் என்னுடன் உறையும் இரசாயன மாணவர் ஒருவர் ஓரிரவு இவரைப் பற்றிக் கூறக் கேட்டேன். கேட்டபின் அக்கதை என் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. ஒரு பொருளின் தோற்றத்தைக் கண்டு மயங்காது அதன் உண்மையை ஐயந்திரிபறத் தெளிதல் இலக்கணம் கற்பார்க்கும் விஞ்ஞானம் கற்பார்க்கும் பொதுவன்றோ!

சம்னர் 1887-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 19-ஆம் நாள், அமெரிக்க ஐக்கிய நாட்டு மாசச்சூசெட்ஸ் மாகாணத்தைச் சேர்ந்த கான்ட்டன் என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய முன்னோர் 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தினின்றும் குடிபெயர்ந்து சென்றவர்கள். நிலபுலங்களும் பஞ்சுத் தொழிலும் உடைய குடும்பத்தினர். பள்ளிப் பருவத்தில் பௌதிகம், இரசாயனம் ஆகிய இரண்டினைத் தவிர வேறெப்பாடத்திலும் இவருக்கு மனம் செல்லவில்லை. துப்பாக்கி ஏந்திக் காட்டில் வேட்டையாடுவதிலோ பெருவிருப்பம் இருந்தது.

அவ்விருப்பமே இவருக்குப் பெருந்தீங்காய் முடிந்தது. இவர் 17 வயதினராய் இருந்தபோது ஒருநாள் தோழர் ஒருவருடன் காட்டுக்கோழி வேட்டைக்குச் சென்றார். அத்தோழரின் துப்பாக்கிக் குண்டு தவறுதலாக இவருடைய இடக்கையில் பாய்ந்தது. முழங்கைக்குச் சற்றுக் கீழே கையைத் துணித்துவிட நேர்ந்தது. இவரோ இயல்பிலேயே இடக்கைப் பழக்கம் உடையவர். எழுதுவதும் எறிவதும் பற்றுவதும் யாவும் இழந்த அக்கையாலேயே செய்து வந்தவர். வேறொருவராயின் வாழ்வே முடிந்ததென்று சோர்ந்திருப்பர். சம்னரோ எஞ்சிய வலக்கைக்கு எல்லாவற்றையும் புதிதாகக் கற்பிக்கத் தொடங்கினார். எழுத்துப் பயின்றார். பந்தாட்டம் பயின்றார். பனிச்சறுக்கும் பயின்றார். டென்னிஸ் ஆட்டத்தில் இருகையுடையாரையும் வென்று பரிசு பெறும் அளவுக்குத் தேர்ச்சியுற்றார்.

1906-ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற் சேர்ந்து, 1910-இல் இரசாயனத்தில் பட்டம் பெற்றார். சிறிது காலம் உறவினரது பஞ்சுத் தொழிற்சாலையிலும், பின்னர்க் கனடா நாட்டுக் கலாசாலை ஒன்றிலும் வேலை பார்த்தார். எனினும் ஆராய்ச்சி ஆர்வம் அவரை விடவில்லை. 1912-இல் ஹார்வர்டு மருத்துவக் கலாசாலைக்குத் திரும்பி, உயிர் இரசாயனத்தில் புகழ் பெற்றிருந்த ஓட்டோ ஃபோலின் என்னும் பேராசிரியரை அணுகினார். ஒற்றைக்கையுடையான் இரசாயனத்தில் ஒருநாளும் முன்னேற இயலாது; சட்டம் பயிலச் செல்வதே நன்று என அப்பேராசிரியர் அவருக்கு அறிவுரை கூறினார். அவ்வறிவுரை தீய எண்ணத்தால் எழுந்ததன்று. குப்பியைப் பிடிக்க ஒரு கையும் மூடியைத் திறக்க ஒரு கையும் வேண்டும் தொழிலன்றோ அது! ஆயினும் சம்னர் அதனை ஏற்றாரல்லர். அவ்வாசிரியரிடமே பயின்று 1914-ஆம் ஆண்டு ஜூன் மாதம் டாக்டர் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றவுடன் ஐரோப்பாவிற்குப் பயணம் சென்றவர், முதல் உலகப் போர் மூண்டமையால் சுவிட்சர்லாந்தில் ஏறத்தாழ ஒரு மாதம் தடைப்பட்டு நின்றார். அப்போது கார்னெல் பல்கலைக்கழகத்து மருத்துவக் கலாசாலையில் துணைப்பேராசிரியர் பதவி தருவதாகத் தந்தி வந்தது. நியூயார்க் மாகாணத்து இதாக்கா நகரில் அப்பதவியை ஏற்றார். தம் வாழ்நாள் முழுவதும் அந்நகரிலேயே பணியாற்றினார்.

இனி, அவர் மேற்கொண்ட ஆராய்ச்சி யாதெனின், அதனை விளங்கிக்கொள்ள நொதி என்பதன் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். விடியலில் இறக்கிய பதநீர் சுண்ணாம்பு இடாதவிடத்துச் சில நாழிகையிற் புளித்துக் கள்ளாகின்றது. வாயிலிட்டு மென்ற சோறு சிறிது நேரத்தில் இனிக்கின்றது. உண்ட உணவு வயிற்றிற் செரிக்கின்றது. இவையெல்லாம் நொதிகள் என்னும் பொருள்களால் நிகழ்வன. தாம் செலவாகாமலே பிறபொருள்களை விரைந்து மாற்றுந் திறன் வாய்ந்தவை அவை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நொதிகளின் செயல்களை அறிஞர் பலர் அறிந்திருந்தனர். ஆயின், நொதி என்னும் பொருளைத் தூயதாகப் பிரித்தெடுத்துக் கண்டவர் ஒருவரேனும் இலர். செயல் தெரிந்தது; செய்வோன் தெரியவில்லை.

சம்னருக்குப் பாடஞ் சொல்லும் சுமை மிகுதி. ஆராய்ச்சிக்குக் கிடைத்த பொழுதும் பொருளும் குறைவு. பல சிறு ஆராய்ச்சிகளிற் கிடைக்கும் சிறு புகழை நாடாமல், நெடிய பந்தயம் ஒன்றினை மேற்கொள்ள அவர் துணிந்தார். 1917-இல், ஒரு நொதியைத் தனியே பிரித்தெடுப்பதென உறுதி பூண்டார். அதன்பொருட்டு அவர் தேர்ந்தது யூரியேஸ் என்னும் நொதி. நம் உழவர் வயலில் இடும் யூரியா உரத்தை யாவரும் அறிவோம். மூக்கைத் துளைக்கும் நெடியுடைய அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் யூரியாவைப் பிரிப்பது யூரியேஸின் தொழில். இந்நொதி ஓர் அவரை வித்தில் மிகுதியாய் உண்டு. ஆங்கிலத்தில் ஜாக் பீன் எனப்படும் அவ்வவரை, நம் வீட்டு வேலிகளிற் படர்ந்து கத்திபோன்ற நீண்ட காய்களைத் தொங்கவிடும் வாளவரைக்கு மிக நெருங்கிய இனமாகும். அதன் வித்தை மாவாக அரைத்து, அம்மாவினின்றும் யூரியேஸைப் பிரிக்க சம்னர் முயன்றார்.

முயற்சி ஓராண்டிலோ ஈராண்டிலோ முடியவில்லை. 9 ஆண்டுகள் நீண்டது. 1919-ஆம் ஆண்டளவில் அவ்வித்தின் சாற்றினின்றும் சில புரதங்களைப் படிகமாக்கினார். அவை அழகிய படிகங்களே. ஆயின், யூரியாவை மாற்றும் திறன் அவற்றுக்கு இல்லை. படிகம் கிடைத்தமையால் மட்டும் நாடிய பொருள் கிடைத்ததாகாது என்னும் பாடத்தை அவர் அப்போதே கற்றார் எனலாம். 1921-இல் பெல்ஜியம் நாட்டில் எஃப்ரான்ட் என்னும் நொதியறிஞரிடம் சென்று இவ்வாராய்ச்சியைத் தொடர உதவித்தொகை பெற்றார். யூரியேஸைப் பிரித்தெடுக்கலாம் என்னும் எண்ணமே நகைப்புக்குரியதென்று அவ்வறிஞர் கருதியமையால் அப்பயணம் கைகூடவில்லை. ஆய்வுக்கூடத்திலோ குளிர்ப்பெட்டி இல்லாக் குறை இருந்தது. ஆதலின், இரவு நேரங்களில் சாற்றுக் குவளைகளைச் சாளரத்தின் வெளித்திண்ணையில் வைத்து, குளிர்காற்று வீச வேண்டுமென்று எதிர்நோக்கியிருப்பார்.

1926-ஆம் ஆண்டு வந்தது. அதுகாறும் சாறு வடிக்கச் சாராயம் கலந்த நீரைப் பயன்படுத்தி வந்தவர், அதற்கு மாறாக அசிட்டோன் என்னும் திரவம் கலந்த நீரை எடுத்துக்கொண்டார். நூற்றுக்கு 31.6 பங்கு அசிட்டோன் கலந்த அந்நீரில் அவரைமாவைக் கலக்கி, வடிதாளில் வடியவிட்டு, ஓரிரவு குளிரில் வைத்திருந்தார். மறுநாள் வடிந்த நீரில் ஒரு துளியை நுண்ணோக்கியின்கீழ் வைத்து நோக்கினார். முன்னர் அவர் காணாத வடிவினவாய், எட்டு முகங்களையுடைய நுண்ணிய படிகங்கள் அத்துளியில் நிறைந்து கிடந்தன. உடனே அவற்றைச் சுழற்பொறியிலிட்டுத் திரட்டி, நீரிற் கரைத்து, அந்நீரை யூரியாவுடன் கலந்தார். யூரியா மிக விரைவாக மாறியது. அப்படிகங்கள் புரதத்துக்குரிய சோதனைகளிலும் தேறின. சம்னர் தொலைபேசியண்டை சென்று, முதன்முதலாக ஒரு நொதியைப் படிகமாக்கிவிட்டதாகத் தம் மனைவியாருக்குத் தெரிவித்தார். அவ்வாண்டிலேயே அச்செய்தியை உயிர் இரசாயன வெளியீடு ஒன்றில் எழுதினார்.

இங்கே சிறிது நின்று, அக்காலத்து அறிஞர்க்கு எழக்கூடிய ஐயத்தை நாமும் எழுப்பிப் பார்ப்போம். துளியிற் கண்ட படிகம் புரதமேயென்று கூறுவது எங்ஙனம்? புரதச் சாற்றில் உப்புக்களும் கலந்திருக்கும். படிகமாக்கும் முயற்சியில் ஆராய்ச்சியாளரே பல உப்புக்களைச் சேர்ப்பதும் உண்டு. நீர் வற்றும்போது புரதம் படிகமாவதற்கு முன் உப்பே படிகமாகி ஏமாற்றுவது இன்றளவும் ஆய்வுக்கூடங்களில் நிகழ்வது. பல வாரம் காத்திருந்து, ஒளிவீசும் படிகத்தைக் கண்டு மகிழ்ந்தவர், ஈற்றில் அது வெறும் உப்பேயென அறிந்து நெஞ்சுடைவதுண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே.

ஆயினும் இரண்டையும் வேறு பிரித்தறிய வழிகள் உள. உப்பின் படிகம் கடியது. ஊசிமுனையால் அழுத்தினால் நெரிந்து தெறிக்கும். புரதத்தின் படிகமோ மெல்லியது. ஊசி பட்ட அளவிற் குழைந்து உதிரும். என்னை? உப்பின் அணுக்கள் மிகச் சிறியன; புரதத்தின் மூலக்கூறோ பல்லாயிரம் அணுக்கள் கூடிய பெரும்பொருள். கடுகுக் குவியலின் இடையே விரல் நுழையாது; பலாப்பழக் குவியலின் இடையே கையே நுழையும். அதுபோலப் புரதப் படிகத்தின் உள்ளே பெரிய இடைவெளிகள் உள்ளன. அவற்றில் நீர் நிறைந்திருக்கும். அத்தகைய படிகத்தில் ஏறத்தாழப் பாதி நீரே எனலாம். ஆதலின், நீலச்சாயத்தில் ஒரு துளி விட்டால் புரதப் படிகம் அச்சாயத்தை உட்கொண்டு தானும் நீலமாகும்; உப்பின் படிகம் நிறம் பற்றாது நிற்கும். காற்றிலே கிடந்தால் சமையலுப்பின் படிகம் கெடாது. புரதப் படிகம் நீரை இழந்து வெடித்துச் சிதையும். தீயிலிட்டால் உப்பு எரியாது எஞ்சும். புரதம் மயிர் கருகினாற்போல நாறிக் கரியும். இச்சோதனைகளுள் சில சம்னரின் காலத்திற்குப் பின் வழக்கில் வந்தவை. எனினும், வடிவை நம்பாதே, இயல்பைச் சோதி என்னும் நெறி அவருடையதே.

சம்னரை எதிர்த்தவர்கள் எழுப்பிய தடை இதனினும் நுண்ணியது. ஜெர்மனி நாட்டு ரிச்சர்டு வில்ஸ்டேட்டர், இலைப்பச்சையின் இயல்பை ஆராய்ந்து 1915-இல் நோபல் பரிசு பெற்ற பேரறிஞர். தாம் தூய்மையாக்கிய நொதிக்கரைசல்களிற் புரதத்தின் அடையாளமே காணவில்லை. ஆதலின் நொதி புரதமன்று என்பது அவர் கொள்கை. சம்னரின் படிகம் புரதமாயிருக்கலாம். ஆயின் நொதி வேறு. வண்டியின்மேல் அமர்ந்த வழிப்போக்கனைப்போல அது புரதத்தின்மேல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்பது அவர் சார்பினர் கருத்து. உண்மையில், அவருடைய கரைசல்கள் மிக நீர்த்திருந்தமையால், அவற்றில் இருந்த சிறிதளவு புரதம் அக்காலத்துச் சோதனைகளுக்குப் புலப்படவில்லை. ஆயினும் ஒருபுறம் நோபல் பரிசு பெற்ற பெரியார். மறுபுறம் அதிகம் அறியப்படாத, ஒற்றைக்கையுடைய துணைப்பேராசிரியர். உலகம் எவர் சொல்லைக் கேட்கும்? சம்னரின் கட்டுரையைப் பலர் பொருட்படுத்தவில்லை, பலர் நம்பவில்லை.

சம்னர் சினந்து ஒதுங்கினாரல்லர். படிகத்தைக் கரைத்து மறுபடியும் படிகமாக்கினார். எத்தனை முறை செய்யினும் புரதமும் நொதித்திறனும் பிரியாமல் ஒருங்கே நின்றன. புரதம் சிதைந்தவிடத்துத் திறனும் அழிந்தது. வழிப்போக்கன் வேறாயின் வண்டியை விட்டு ஒருகாலேனும் இறங்கியிருப்பானன்றோ? ஆண்டுதோறும் புதிய சான்றுகளைத் திரட்டி அவர் வெளியிட்டு வந்தார்.

1930-ஆம் ஆண்டு ராக்பெல்லர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஜான் நார்த்ரப், வயிற்றில் ஊனைச் செரிக்கச் செய்யும் பெப்சின் என்னும் நொதியைப் படிகமாக்கி, அதுவும் புரதமே எனக் காட்டினார். பின்னர் வேறு நொதிகளும் ஒவ்வொன்றாகப் படிகமாயின. 1934-இல் கேம்பிரிட்ஜ் நகரில் ஜே. டி. பெர்னாலும் டாரதி குரோஃபுட் அம்மையாரும் பெப்சின் படிகத்தின்மீது எக்ஸ்-கதிரைச் செலுத்தினர். உலர்ந்த படிகம் தெளிந்த படம் எதனையும் தரவில்லை. அது தோன்றிய நீரிலேயே நனைந்திருக்க, மெல்லிய கண்ணாடிக் குழலில் அடைத்துப் படம் எடுத்தபோதோ எண்ணற்ற புள்ளிகள் தோன்றின. உப்பின் படத்திற் புள்ளிகள் சிலவாய், ஒன்றுக்கொன்று தொலைவாய் நிற்கும். புரதத்தின் படத்திற் பலவாய், வானத்து மீன்களைப்போல நெருங்கி நிற்கும். இவ்விரண்டையும் பிரித்தறிய இதனினும் உறுதியான சான்று பிறிதில்லை.

உலகம் மெல்ல மெல்ல சம்னரின் பக்கம் திரும்பியது. 1929-இல் அவர் முழுப்பேராசிரியரானார். 1937-இல் ஸ்வீடன் நாட்டு உப்சாலாவில் ஸ்வெட்பர்க் என்னும் அறிஞரின் ஆய்வுக்கூடத்திற் பணியாற்றினார். அவ்வாண்டிலேயே டவுன்ஸ் என்பவருடன் கூடிக் கேட்டலேஸ் என்னும் மற்றொரு நொதியையும் படிகமாக்கினார். 1946-ஆம் ஆண்டு இரசாயனத்துக்குரிய நோபல் பரிசின் ஒரு பாதி சம்னருக்கு வழங்கப்பட்டது. மறுபாதியை நார்த்ரப்பும் ஸ்டான்லியும் பகிர்ந்துகொண்டனர். அவரைச்சாற்றின் துளியிற் படிகம் கண்ட நாளுக்கும் பரிசு பெற்ற நாளுக்கும் இடையே கழிந்தவை 20 ஆண்டுகள். 1955-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பதவியினின்றும் ஓய்வு பெற்று, பிரேசில் நாட்டில் ஒரு நொதி ஆய்வுக்கூடம் நிறுவச் செல்ல எண்ணியிருந்தார். அவ்வெண்ணம் நிறைவேறுமுன் புற்றுநோயால் ஆகஸ்டு மாதம் 12-ஆம் நாள் பஃபலோ நகரில் உயிர்நீத்தார்.

அவர் மறைந்தார், அவர் படிகத்தின் கதை முடியவில்லை. 1975-இல், அவரை யூரியேஸில் நிக்கல் என்னும் உலோகம் உண்டென ஆஸ்திரேலிய அறிஞர் கண்டனர். சம்னர் அதனை அறிந்தாரல்லர். புரதத்தோடு வேறொன்றும் இருக்கவேண்டும் என்ற எதிர்த்தரப்பார் எண்ணம் முழுதும் வீணன்று என இதனால் தோன்றலாம். ஆயின், அந்நிக்கல் தனியே நின்று இத்தொழிலைச் செய்யாது. புரதத்தின் மடிப்புக்குள் தன் இடத்தில் அமர்ந்தே செய்யும்.

இனி நான் கூறப்போவது தமிழராகிய நமக்குப் பெருமகிழ்ச்சி தருவதொன்று. முதன்முதலாகப் படிகமாக்கப்பட்ட அந்நொதியின் முழு உருவம் எவ்வாறிருக்கும் என்பது 80 ஆண்டுகளுக்கு மேலாகியும் எவர்க்கும் தெரியாமலே இருந்தது. அதனை எக்ஸ்-கதிரால் கண்டு 2010-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாலசுப்பிரமணியன், பொன்னுராஜ் என்னும் இருவர். ஜி. என். இராமச்சந்திரன் 1952-இல் பௌதிகத் துறைத் தலைமையேற்று வளர்த்த படிக ஆராய்ச்சி மரபில் வந்தது அவர்களுடைய துறை. 840 அமினோ அமிலங்கள் கோத்த மாலையாக அப்புரதம் மடிந்து கிடப்பதும், அதன் நடுவே இரண்டு நிக்கல் அணுக்கள் வீற்றிருப்பதும் அவர்களால் வெளிப்பட்டன. இதாக்காவில் ஒற்றைக்கையர் தொடங்கிய வேலையைக் கிண்டியில் நம்மவர் நிறைவு செய்தனர்.

நண்பர்களே, சம்னரின் வரலாற்றைப் படிப்போர் அவர் ஊனத்தை வென்ற திறத்தையே முதலிற் போற்றுவர். அது போற்றுதற்குரியதே. ஆயினும் என் சிறுமதிக்கு எட்டியவரையில் அவருடைய பெருமை அதனினும் ஆழ்ந்தது. 1919-இல் தம் கையிற் கிடைத்த அழகிய படிகங்களை நாடிய பொருளென்று அவர் பறைசாற்றவில்லை. சோதித்து, அன்றெனக் கண்டு, அப்பாற் சென்றார். 1926-இல் கிடைத்ததை ஆமெனக் கண்டபின், பெரியோர் மறுத்தும் விட்டுக்கொடுக்கவில்லை. அன்றென்பதை அன்றென்றும் ஆமென்பதை ஆமென்றும் கொள்ளும் நேர்மை அவ்விரண்டிலும் ஒன்றே. தேர்வுத் தாளிலும் நட்பிலும் வாழ்க்கையிலும் ஒளிவீசுவன பல நம் எதிரே வந்து நிற்கும். அவற்றைக் கண்டு மயங்காமலும், ஐயத்தாலேயே வீசியெறியாமலும், ஊசிமுனையால் மெல்லத் தொட்டுப் பார்க்கும் பொறுமை நமக்கு வேண்டும். அடுத்த முறை சுவாமித்தோப்பு வழியே செல்லும்போது, பாத்தியில் மின்னும் உப்பைப் பார்த்து அவ்வொற்றைக்கையரை ஒருகணம் நினைப்போமாக.